செல்லப்பனுக்கு மாலை போட்ட கதை

1

நான் புலம்பெயர்ந்தவன் என்று சொன்னால் என் ஊர் வள்ளியூரில் சிரிப்பார்கள். என்னோடு எட்டாம் வகுப்பில் தோற்றவர்கள் மஸ்கட்டிலும் டொராண்டோவிலும் உட்கார்ந்துகொண்டு பாலைவனம், பனி, விசா என்று எழுதுகிறார்கள். நானோ காலையில் ரயில் ஏறினால் மதியச் சோற்றுக்கு ஊர் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்கிற கடைத்தெருவில், பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதத்தோடு இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் முடிகிறது. அதனால் எழுதலாம் என்று நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

டொராண்டோக்காரனுக்கு அந்த அரசாங்கம் ஒரு அட்டை கொடுத்து, நீ இன்னார் என்று சொல்லிவிட்டது. எனக்கு ரேஷன் கார்டு கிடைக்கவே ஆறு வருஷம் ஆயிற்று. இங்குள்ள அலுவலகத்தில் ஊரில் பெயர் நீக்கிய சான்று கேட்டார்கள். ஊர் அலுவலகத்தில், அங்கே பெயர் சேர்த்த சான்றைக் காட்டினால்தான் இங்கே நீக்குவோம் என்றார்கள். நீங்கள் முதலில் என்று இரண்டு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். நடுவில் நான் இருந்தேன். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களை இங்கே ‘அதிதி’ என்றுதான் எழுதுகிறார்கள். இத்தனை வருஷம் விருந்தாளியாக இருக்கிறேன். சாப்பிட்டாயா என்று ஒரு அலுவலகமும் கேட்டதில்லை.

இங்கே வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. லாரியில் கிளீனராக இருந்தேன், மங்களூரில் ஐஸ் கம்பெனியில் இருந்தேன், சூரத்தில் சாயப்பட்டறையில் இருந்தேன். பட்டறையில் கை வெந்து ஒரு மாதம் படுத்தேன், வேலை போயிற்று. ஊருக்குத் திரும்பும் வழியில் இங்கே ஒரு கல்யாணத்தில் வீடியோக்காரருக்கு விளக்குப் பிடிக்க ஆள் வரவில்லை. பிடித்தேன். அப்படியே இருந்துவிட்டேன்.

மகள் அனிதா இங்கே பிறந்து, இங்கே படித்து, இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நான் தமிழில் திட்டினால் மலையாளத்தில் பதில் வரும். என்னால் கடைப் பலகையில் மலையாளத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். அவளுக்குத் தமிழ் எழுத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறதாம். “எல்லாம் பட்டினி கிடந்த மாதிரி ஒடுங்கிப்போய் நிக்குது அப்பா” என்கிறாள். எங்கள் இருவருக்கும் நடுவே அவள் அம்மா மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். சண்டை நடக்கும்போது மட்டும் மொழிபெயர்க்க மாட்டாள்.

2

ஸ்டுடியோவில் ஒரு மனிதரை ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தூக்குங்கள் என்று சொன்ன நிமிஷமே அவர் குற்றவாளியாகிவிடுகிறார். போலீஸ்காரர்கள்கூட அப்படித்தான். பகல் முழுக்கக் குற்றவாளிகளைப் பார்த்த கண்ணுக்கு, மாலையில் கிழக்கேகோட்டையிலிருந்து பேரூர்க்கடைக்குப் போகும் அரசு பஸ்ஸில் வேறு மனிதர்கள் கிடைத்தார்கள். இடம் பிடிக்கும்வரை ஒருவரையொருவர் கொல்லுகிற மாதிரி முட்டுவார்கள். உட்கார்ந்தபின் முகம் அவிழ்ந்துவிடும்.

மடியில் துணிப்பை, பைக்குள் காமிரா, பையின் ஓரத்தில் ஒரு கிழிசல். இதுதான் என் தொழில்நுட்பம். பின்னாளில் போன் வந்தது. கிழிசலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மின்விசிறியைக் கைக்குழந்தைபோல் மார்பில் சாய்த்துக்கொண்டு தூங்கியவர், விடைத்தாள் திருத்திக்கொண்டே போன டீச்சர் (பஸ் குலுங்கிய இடத்தில் யாரோ ஒரு பையனுக்கு ஒரு மார்க் கூடிற்று), கட்சிக்கொடி பிடித்தவன் தோளில் வாய் பிளந்து தூங்கிய போலீஸ்காரர். இப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்தன.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கலைச்சங்கம் அதில் நாற்பது படங்களைப் பெரிதாக்கி மாட்டியது. ஒரு பேராசிரியர், பெயரற்ற குடிமகனின் கண்ணியம் என்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெயரற்ற குடிமக்களிடம் அனுமதி கேட்டீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் முகம் ஸ்டூலில் உட்கார்ந்துவிடும், படம் கெட்டுவிடும் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். நல்ல காரணம். அனிதாவைத் தவிர யாரும் அதை மறுத்ததில்லை. “கலைன்னு சொல்லிட்டா திருட்டு திருட்டு இல்லாம ஆயிடுமா அப்பா?” என்று ஒருமுறை கேட்டாள். காலேஜில் இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

3

போன வருஷம் மழை விட்டபின், சாலையில் ஒரு மொத்த அரிசிக்கடையில் மூட்டைக்குப் பொறுப்பாக இருந்த நாகலிங்கம் இறந்துபோனார். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து பேரூர்க்கடையில் வீடு வைத்திருந்தவர். எனக்குப் பழக்கமில்லை. என் பஸ்ஸில் வருகிற நாலைந்து வெள்ளைச் சட்டை, சந்தனப்பொட்டு, முன்வழுக்கைக்காரர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் இறந்தால் அன்றைக்கே முக்குக்கு முக்கு ஃப்ளெக்ஸ் பலகை எழும்பிவிடும். மேலே பெரிய முகம், கீழே அஞ்சலி செலுத்துவோர் பட்டியல். முகம் சின்னதானாலும் பட்டியல் சின்னதாகக் கூடாது. வியாபாரிகள் சங்கம் பலகைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் படம் கேட்டபோதுதான் தெரிந்தது, நாகலிங்கத்துக்குப் படமே இல்லை. கல்யாணப் படம் கறுத்துவிட்டது. ஆதாரில் இருப்பது ஆதார் படம்.

சங்கச் செயலாளர் சசி என்னிடம் வந்தார். “அண்ணாச்சி, நீங்க பஸ்ஸில போறவன் வர்றவனை எல்லாம் எடுக்கிற ஆளல்லே? இவரும் கிடப்பாரு. நோக்கிப் பாருங்க.”

முகம் மறக்காதவன் என்று எனக்கு ஒரு கர்வம். தேடினேன். மூன்று பேரில் யாராவது ஒருவர் என்று வந்து நின்றது. ஒருவர் ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல ஜன்னலுக்கு வெளியே முறைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் யாரோ முன்சீட்டில் சொன்னதைக் கேட்டு, கண் மூடி, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றையும் போனில் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன்.

நாகலிங்கத்தின் மனைவி பகவதியம்மா உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். போனை வாங்கி ஒவ்வொரு படத்தையும் நின்று நிதானமாகப் பார்த்தார். முதல் படத்தில் ரொம்ப நேரம் இருந்தார். பிறகு தள்ளிக்கொண்டே போய்ச் சிரிக்கிறவர்மேல் விரல் வைத்தார்.

“இதுதான் தம்பி.”

“நல்லா பாத்துச் சொல்லுங்கம்மா.”

“நாப்பது வருஷம் சோறு போட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

ஷார்ஜாவிலிருந்து வந்துகொண்டிருந்த மகனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். அவன் விமான நிலையத்திலிருந்தே பதில் போட்டான். அப்பாதான், எவ்வளவு இயல்பா இருக்காரு, எடுத்தவருக்கு நன்றி, கூடவே அழுகிற முகம் மூன்று. நான்கு வருஷமாக அப்பாவைப் போனில்தான் பார்த்துவந்தவன். அப்பா போனில் பேசும்போது காதைத்தான் காட்டுவாராம். அது பின்னால் தெரிந்தது.

மறுநாள் காலை சாலை நுழைகிற முனையில் ஆளுயரத்துக்குச் சிரித்த முகம் ஏறிற்று. வீட்டுக்கும் ஒரு படம் சட்டம் போட்டுக் கொடுத்தேன். மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை, சிரித்தால் இப்படித்தான் இருப்பார்போலும் என்று எல்லாரும் நல்ல படம், நல்ல படம் என்றார்கள். இத்தனை வருஷத்தில் இந்தத் தெரு என் வேலையைப் பாராட்டியது அப்போதுதான்.

4

நான்காம் நாள், வியாழக்கிழமை மதியம், ஸ்டுடியோ வாசலில் அந்த முகம் வந்து நின்றது. கையில் ஒரு பை வாஷரும் ஒரு பைப் ரெஞ்சும்.

“நான் செல்லப்பனாக்கும். கரமனையில பம்பு ரிப்பேர். நான் எப்பம் செத்தேன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“வாஷர் வாங்க வந்தேன். கடைக்காரன் வாஷரை உடனே தராம என்னையும் போர்டையும் மாறி மாறிப் பாக்கான். ‘இறந்தவரு உங்களுக்கு அண்ணனா தம்பியா’ன்னு கேக்கான். நான் என்ன சொல்லட்டு? தூரத்துச் சொந்தம்னு சொல்லிட்டு ஃப்ளெக்ஸ் அடிச்ச கடைக்குப் போனேன். அவன் உங்களைக் கையைக் காட்டினான்.”

“தப்பு நடந்துபோச்சுங்க. வீட்டுக்காரங்களே இதுதான்னு…”

“அது கிடக்கட்டும். என் மூஞ்சி உங்ககிட்ட எப்படி வந்தது? நான் உங்ககிட்ட படம் எடுத்ததில்லையே.”

பஸ் என்றேன். பை என்றேன். கிழிசலைச் சொல்லவில்லை. கண்ணியம், பெயரற்ற குடிமகன் எல்லாம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

“சந்தோசம்,” என்றார். “கேட்டிருந்தா இல்லேன்னா சொல்லியிருப்பேன்? ஆனா கேட்டிருக்கணும் பாத்துக்கிடுங்க.”

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் சாலையிலேயே ஒரு இரும்புக்கடையில் வேலை. தினமும் இரண்டு வேளை அந்தப் பலகைக்கு முன்னால்தான் நடக்கிறான். பெண்ணின் படத்தைப் பார்த்திருக்கிறான், அப்பனை இன்னும் பார்க்கவில்லை. தாய் தகப்பன் மார்த்தாண்டத்திலிருந்து வந்து, அதே முனையில் பழம் வாங்கிக்கொண்டு, கரமனைக்கு வருவார்கள்.

“ஏற்கெனவே ரெண்டு இடம் ஜாதகத்துல தட்டிப்போச்சு. மக இப்பம் கண்ணாடி முன்னாடிகூட நிக்க மாட்டா. மூணாவது வர்றவங்க ரோட்டுல பொண்ணோட அப்பனுக்கு அஞ்சலி படிச்சுட்டு, வீட்டுல வந்து அவன் கையால காப்பி வாங்கிக் குடிக்கணும். குடிப்பாங்களா? நீங்க சொல்லுங்க.”

குடிக்க மாட்டார்கள் என்றேன்.

“அப்பம் இன்னைக்கே என்னை இறக்குங்க.”

5

இறக்குவது சுலபம் என்றுதான் நினைத்தேன். ஏணியும் கத்தியும் போதும். சசி கையை விரித்தார்.

“அண்ணாச்சி, அது சங்கத்தோட போர்டு. பதினாறு கழியாம எடுத்தா சங்கம் மரணத்தை வாபஸ் வாங்கின மாதிரி ஆகும். கம்மிட்டி கூடணும்.”

“வைக்கும்போது கூடினீங்களா?”

“வைக்கிறதுக்கு எதுக்குக் கம்மிட்டி? எடுக்கிறதுக்குத்தான் வேணும். எழுதிக் கொடுங்க. மலையாளத்தில வேணும், கேட்டோ. கூட நாகலிங்கத்தோட வீட்டுல ஒரு கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க.”

செல்லப்பன் இடையில் புகுந்தார். “சார், செத்தது நானில்லைன்னு சொல்றதுக்கு ஆளே நேரா வந்து நிக்கேன்.”

“நீங்க நிக்கிறது சரி. ஃபைல்ல நிக்கணும்லா.”

மனுவை அனிதா எழுதினாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, தலையில் கை வைத்து, “வல்லாத்த பணி, பெரிய வில்லங்கம் செஞ்சு வெச்சிருக்கீங்க அப்பா” என்று சொல்லிவிட்டுத் தானே எழுதினாள். அழகான கையெழுத்து. இரண்டு பக்கம். என்ன எழுதியிருக்கிறாய் என்றேன். வாசித்தாள். அதில் ஒரு வரி எனக்குப் புரிந்தது: படம், எடுக்கப்பட்டவரின் அறிவோ சம்மதமோ இன்றி எடுக்கப்பட்டது.

“அது வேணாமே மக்கா. கம்மிட்டிக்கு எதுக்கு அது?”

“அதுதானே நடந்தது?” என்றாள், சுத்தமான தமிழில். கையெழுத்துப் போட்டேன்.

6

வெள்ளிக்கிழமை காலை பகவதியம்மா வீட்டுக்குப் போனோம். செல்லப்பன் தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். கூடத்தில் நுழைந்ததும் நின்றுவிட்டார். எதிர்ச்சுவரில் அவர். கழுத்தில் சந்தனச் சீவல் மாலை, முன்னால் எரியும் விளக்கு, வாழையிலைத் துண்டில் இரண்டு இட்லி.

“சட்னி வைக்கலையா?” என்றார் மெதுவாக. பயத்தில் சொன்னாரா கேலியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பகவதியம்மா அவரைப் பார்த்தார். அலறவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. பிடிபட்டவர் மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். மகன் துணிக்கடைக்கோ பாங்குக்கோ போயிருந்தான்.

“உட்காருங்க,” என்றார். “காப்பி குடிக்கியளா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அம்மா, உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“முத படத்துல இருக்கிறதுதான் அவரு. வெளிய பாத்து முறைச்சுட்டு இருக்காருல்லா, அதே மூஞ்சி. அது ஒண்ணுதான் அவருக்கு.” விளக்குத் திரியைக் கொஞ்சம் தள்ளிவிட்டார். “அடிச்சதில்ல, குடிச்சதில்ல. பேசினதும் இல்ல. கடையில இருந்து வந்தா சோறு, தூக்கம். ஒரு நாளு நான் வழுக்கி விழுந்தேன், ஏதாச்சும் சொல்லுவாருன்னு பாத்தேன். தாண்டிப் போனாரு. இனி மிச்ச நாளு பூரா அந்த மூஞ்சிக்கு விளக்கு ஏத்தணும். நீங்க மூணு படம் கொண்டாந்தீங்க. இவரு சிரிச்சாரு. மனசுல தோணிச்சு, விரலை வெச்சுட்டேன்.”

என்னைச் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக முகம் படிக்கிறவன் என்று பொன்னாடை வாங்கியவன், அன்றைக்குப் பகவதியம்மா முதல் படத்தில் ரொம்ப நேரம் நின்றதைத் துக்கம் என்று படித்துவிட்டேன்.

செல்லப்பன் மகள் விஷயத்தைச் சொன்னார். பகவதியம்மா கேட்டு முடிக்குமுன்பே மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“இன்னைக்கே எடுத்துரச் சொல்லுங்க. வேற போர்டு வைக்கணும்னா முத படத்தை வெச்சுக்கிடட்டும். ரோட்டுக்கு அவரு மூஞ்சி போதும்.” பிறகு சுவரைப் பார்த்தார். “இதையும் எடுத்துட்டுப் போறேளா?”

செல்லப்பன் எழுந்து படத்துக்குக் கீழே போய் நின்றார். மேலே ஒரு செல்லப்பன் சிரித்தார், கீழே ஒருவர் நாடியைச் சொறிந்தார்.

“அன்னைக்கு என்னத்துக்குச் சிரிச்சேன்னே ஞாபகம் இல்ல,” என்றார். “படம் இருக்கட்டும்மா. மாலையை மட்டும் எடுத்துருங்க. உசிரோட இருக்கிறவனுக்கு மாலையும் விளக்கும்னு வீட்டுக்காரி கேள்விப்பட்டா என்னைக் கொன்னுருவா.”

“மாலை இல்லாம எப்படி வைக்க?”

“ஏன்?”

“மாலை போட்டா எங்க வீட்டுக்காரரு. மாலையை எடுத்துட்டா யாரோ ஒரு ஆம்பள. தனியா இருக்கிற பொம்பள வீட்டுச் சுவத்துல யாரோ ஒரு ஆம்பள சிரிச்சுட்டு இருந்தா இந்தத் தெரு என்ன சொல்லும்?”

செல்லப்பன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கண் மூடி, தோள் குலுங்க, சுவரில் இருந்த அதே சிரிப்பைச் சிரித்தார். பகவதியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சாவு வீட்டில் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் உடனே துக்கமானோம்.

ஒப்பந்தம் இப்படி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கழியும்வரை, துக்கம் கேட்க வருகிறவர்கள் கண்ணில் படாமல், படம் அலமாரிக்குள். பெண் வீட்டுக் காரியம் நல்லபடி முடிந்தால் செல்லப்பன் எனக்குத் தகவல் சொல்வார். அதன்பின் மாலையோடு சுவருக்கு வரலாம். முடியாவிட்டால்? அதை யாரும் கேட்கவில்லை.

7

சனிக்கிழமை கமிட்டி கூடியது. கூட்டம் நடத்தத் தேவையான ஆள் சேரப் பன்னிரண்டு மணி ஆயிற்று. பலகையில் தன் பெயர் சின்ன எழுத்தில் வந்ததாக ஒருவர் ஆட்சேபம் எழுப்பினார். அதற்கு அரை மணி. அதற்குப் பின் தீர்மானம் நிறைவேறியது. மூன்று மணிக்கு நானே ஏணி போட்டுச் செல்லப்பனை இறக்கிச் சுருட்டினேன். இரும்புக்கடையிலிருந்து ஒரு பையன் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவன்தான் மாப்பிள்ளை என்பது ஞாயிறு கழிந்துதான் தெரிந்தது. “நல்ல படம் அண்ணாச்சி, எதுக்கு எடுக்கிறீங்க?” என்று கேட்டான். பிழை இருந்தது என்றேன்.

பெண் பார்த்தல் முடிந்தது. பையன் காப்பி குடித்துவிட்டு, மாமாவை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்றானாம். “பஸ்ஸில பாத்திருப்பிய”, செல்லப்பன் சொன்னாராம். அது பொய் என்று சொல்ல முடியாது. தகவல் போனதும் பகவதியம்மா வீட்டுச் சுவருக்குப் படம் மாலையோடு திரும்பிற்று. தை மாதம் கல்யாணம் நடந்தது. படம் எடுத்தது நான்தான். ஒவ்வொருவரையும் கேட்டுக்கேட்டு எடுத்தேன். எல்லாரும் தாடையைத் தூக்கிக்கொண்டார்கள்.

பஸ்ஸிலும் இப்போது கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். பெரும்பாலும் வேண்டாம் என்கிறார்கள். சரி என்கிறவர்கள் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு ஆதார் முகம் வைக்கிறார்கள். இந்த வருஷம் தேறியது பதினொரு படம். கலைச்சங்கம் அடுத்த கண்காட்சி எப்போது என்று கேட்கிறது. அனிதாவிடம் பேசச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் செல்லப்பன் ஸ்டுடியோவுக்கு வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பொட்டு வைத்திருந்தார். தானே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஒரு படம் எடுங்க. நாளைக்கு நான் போனா என் வீட்டுல வைக்க ஒண்ணு வேணும்லா. இருந்த ஒண்ணை அங்க கொடுத்தாச்சு.”

விளக்கைப் போட்டேன். முகத்தை இறுக்கி, ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கிற மாதிரி முறைத்தார்.

“கொஞ்சம் சிரிங்க,” என்றேன்.

“வேண்டாம். சிரிச்சா அந்தம்மா வீட்டுக்காரர் மாதிரி இருக்கும். இப்படியே எடுங்க.”

எடுத்தேன்.